வாய்ப் புற்றுநோயில் அழற்சிப் புரதங்கள்: வைவாவில் தடுமாறிய பிறகு படித்த முறை

வாய் நோயியல் முதுநிலைப் படிப்பில், வாய்ப் புற்றுநோயாளிகளின் உமிழ்நீரில் இன்டர்லியூக்கின்-6 என்ற அழற்சிப் புரதத்தை அளப்பதே என் ஆய்வேட்டின் பொருள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் அட்டவணையைப் புரட்டிவிட்டு, "இவர்களில் எத்தனை பேருக்கு ஈறில் இரத்தம் கசிந்தது?" என்று கேட்டார். நான் அதைக் குறித்து வைத்திருக்கவில்லை. ஈறுநோய் முற்றியவருக்குப் புற்றுநோய் இல்லாமலேயே இந்தப் புரதம் உமிழ்நீரில் கூடியிருக்கலாம் என்பதால், கட்டியிலிருந்து வந்தது எவ்வளவு, ஈறிலிருந்து வந்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

அதன் பிறகே, புரதங்களின் பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, ஒரு புரதத்தை அது பிறக்கும் இடத்திலிருந்து அது செய்யும் வேலை வரை பின்தொடர்ந்து படித்தேன். வெற்றிலை பாக்குடன் புகையிலையை ஆண்டுக்கணக்கில் கன்னத்தில் அடக்கும் ஒருவரின் சளிச்சவ்வு ஓயாமல் உறுத்தப்படும்போது, செல்லுக்குள் அடங்கியிருந்த என்எஃப்-கப்பா-பி என்ற, மரபணுக்களை இயக்கும் புரதம் உட்கருவுக்குள் நுழைந்து, இன்டர்லியூக்கின்-6, இன்டர்லியூக்கின்-8, டிஎன்எஃப்-ஆல்ஃபா ஆகிய அழற்சிப் புரதங்களின் மரபணுக்களை இயக்குகிறது. வெளியே சுரந்த இன்டர்லியூக்கின்-6 தன் ஏற்பியில் இணைந்ததும், ஜாக் நொதிகள் வழியாக, செய்தியை உட்கருவுக்குக் கொண்டுசெல்லும் ஸ்டாட்-3 என்ற புரதம் தூண்டப்படுகிறது. அது சைக்ளின் டி1 என்ற புரதம் மூலம் செல் பிரிதலை முடுக்கி, பிசிஎல்-எக்ஸ்எல் என்ற புரதம் மூலம் மடிய வேண்டிய செல்லையும் மடியவிடாமல் காக்கிறது. இதே புரதம் கல்லீரலை எட்டும்போது அங்கே சி-ரியாக்டிவ் புரதம் உற்பத்தியாகிறது. ஆனால் எந்தத் தொற்றிலும் அது உயரும் என்பதால், அதைப் புற்றுநோயின் தனி அடையாளமாக எழுதினால் மதிப்பெண் போகும்.

இன்டர்லியூக்கின்-8 நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்களை வரவழைப்பதோடு புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கவும் துணைபோகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபா பெயரிலேயே குழப்பும் புரதம்: கட்டியை அழிக்கும் காரணி என்று 1975இல் பெயர் பெற்றாலும், குறைந்த அளவில் நீண்ட காலம் சுரக்கும்போது அது கட்டிக்கே சாதகமாகிவிடுகிறது. இந்த முரணை விளக்காத விடை பாதி விடைதான். பாக்கு மெல்லுவதால் வரும் வாய்ச் சளியடி நார்த்திசு நோய் பற்றிய கேள்வியில் முதலிடம், நார்த்திசு உருவாவதைத் தூண்டும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்துக்கு; அங்கே கொலாஜன் என்ற நார்ப்புரதம் படிவதே மையக் கதை. புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் விளைவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட முடிவை அந்த விடையில் தவறாமல் சேருங்கள்.

வரலாறு கேட்டால் இரண்டு வரி போதும். கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் இருப்பதை 1863இல் ஜெர்மன் நோயியலாளர் ருடால்ஃப் விர்கோ சுட்டிக்காட்டினார். 2011இல் புற்றுநோய் ஆய்வாளர்கள் ஹனஹானும் வைன்பெர்க்கும் கட்டியை வளர்க்கும் அழற்சியைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் பண்புகளுள் ஒன்றாக வகைப்படுத்தினர்.

ஆய்வகத்தைப் பற்றியும் கேட்பார்கள். காலையில், உண்பதற்கு முன், எதையும் மெல்லாமல் தானாக ஊறும் உமிழ்நீரைக் குழாயில் வடியவிட்டு, உடனே பனிக்கட்டியில் வைத்து, மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த பகுதியைச் சிறு சிறு குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வையுங்கள்; ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைத்தால் புரதம் சிதையும். புரதத்தின் அளவை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனையின் தட்டில் நீலம் ஏறும்போது எல்லாம் சரியாகப் போவதுபோல்தான் தோன்றும். அமிலம் விட்டு மஞ்சளான பிறகு 450 நானோமீட்டரில் அளந்த எண்ணை, ஒவ்வொரு மாதிரிக்கும் இரட்டைக் குழிகளில் ஒப்பிட்ட பிறகே நம்பினேன்.

இப்போது ஆய்வேடு தொடங்கும் இளையவர்களிடம், ஒப்பீட்டுக் குழுவை இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறேன்: ஈறு நலமாக உள்ளவர்கள் ஒரு பக்கம், ஈறுநோய் மட்டும் உள்ளவர்கள் மறு பக்கம். உமிழ்நீர் எடுக்கும் அதே நாளில், எடுத்து முடித்த பிறகு, ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஈறுப் பையின் ஆழத்தையும் இரத்தக் கசிவையும் ஒவ்வொருவருக்கும் படிவத்தில் குறித்துவிட வேண்டும்; முன்னதாக ஆய்ந்தால் கசியும் இரத்தம் மாதிரியிலேயே கலந்துவிடும்.