தேடினால் கிடைக்கிறது, தொட்டால் திறக்கவில்லை

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் தாய்மாமாவுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. எந்தப் பிளாக்கில் எந்த ரகம், எங்கே தண்டு துளைப்பான் தென்பட்டது, எந்தச் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி காய்ந்தது என்பதையெல்லாம் முப்பது வருடமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். அதை மொபைலில் கொண்டுவரத்தான் ஃப்ளட்டர் என்ற செயலிக் கட்டமைப்பில் ஒரு செயலி எழுதினேன். சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை, ஞாயிற்றுக்கிழமை மலையில் சோதனை.

தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள். "துளைப்பான்" என்று அடித்தால் அந்தச் சொல் வந்த குறிப்புகள் வரிசையாக வர வேண்டும். அது முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரு முடிவைத் தொட்டால் அந்தப் பிளாக்கின் அந்தக் குறிப்பிலேயே போய் நிற்க வேண்டும் என்பதுதான் மாமா கேட்டது. அதற்கு இரண்டு மாதம் ஆனது. பிடிபட்டவற்றை எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு நேரம் மிஞ்சும்.

தேடல் முடிவோடு ஹைலைட் என்று ஒரு பகுதி வரும். சொல் ஆவணத்தின் எந்த ஃபீல்டில், அதாவது பெயரிட்ட எந்தப் பகுதியில், அகப்பட்டதோ அதன் பாதை அங்கே புள்ளி வைத்து ஒரே சரமாக இருக்கும்: "பிளாக்.குறிப்பு.மிளகு" என்பது போல. நானும் எல்லோரையும் போலப் புள்ளியில் வெட்டினேன், பெயரும் மதிப்பும் ஜோடியாகத் தரவை எழுதும் ஜேசனுக்குள் ஒவ்வொரு படியாக இறங்கினேன். மிளகுக்கு வேலை செய்தது. காப்பிக்கு வெறும் பக்கம் வந்தது.

"ஏன் மாப்ள, தேடினா கிடைக்குது, தொட்டா ஒண்ணும் இல்லையே?" என்றார் மாமா.

மாமா தோட்டத்தில் பெரும்பாலும் எஸ்.795 ரகம். அராபிகாவில் நம் நாட்டில் பரவலாக உள்ள தேர்வு அது. குறிப்புகளை ரகத்தின் பெயரையே கீயாக, அதாவது ஜேசனில் மதிப்புக்கு முன்னால் வரும் பெயராக, வைத்துச் சேமித்திருந்தேன். பெயருக்குள்ளேயே புள்ளி! கீயில் புள்ளி இருந்தால் எலாஸ்டிக்சர்ச் அதை ஒன்றுக்குள் ஒன்றாக விரித்துக்கொள்ளும்: "எஸ்" என்றொரு பொருள், அதற்குள் "795" என்றொரு ஃபீல்டு. ஆனால் நாம் அனுப்பிய மூல ஆவணத்தைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கும். பாதையில் வருவது விரித்த வடிவம், கையில் இருக்கும் ஜேசனில் "எஸ்.795" என்ற ஒரே கீ. வெட்டி இறங்கினால் "எஸ்" என்ற பெயரில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒட்டுப் போட்டேன். ஒவ்வொரு படியிலும் மீதமுள்ள பாதை எந்தக் கீயில் தொடங்குகிறது என்று பார்த்து, இருப்பதிலேயே நீளமான கீயை எடுப்பது. ஓடியது, ஆனால் மனசு ஒப்பவில்லை. பயனர் தட்டச்சு செய்யும் பெயரைக் கீயாக வைப்பதே தப்பு. ஒவ்வொரு புதுப் பெயரும் இண்டெக்ஸில், அதாவது எலாஸ்டிக்சர்ச்சின் தேடல் சேமிப்பில், ஒரு புது ஃபீல்டாகச் சேரும். இயல்பு வரம்பு 1000 ஃபீல்டுகள். நாலு தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு விதமாகப் பெயர் வைத்தால் அதைத் தொட நாளாகாது. எனவே குறிப்புகளைப் பட்டியலாக்கினேன்: ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, உள்ளடக்கம் என்று நிலையான இரண்டே கீ. புள்ளி இனி மதிப்பில் இருக்கும், பாதையில் வராது.

பட்டியலாக்கியதும் அடுத்த சிக்கல் முளைத்தது. உண்மையில் அது முதலிலிருந்தே இருந்தது. என் சோதனைத் தரவில் ஒரே ஒரு பிளாக்தான், அதனால் கண்ணில் படவில்லை. பட்டியலில் உள்ள பொருள்களை எலாஸ்டிக்சர்ச் தட்டையாக்கித்தான் வைக்கும். எத்தனையாவது பிளாக் என்ற எண் பாதையில் வராது. இதைவிட மோசமானது ஒன்று உண்டு. முதல் பிளாக்கில் எஸ்.795, மூன்றாம் பிளாக்கில் துளைப்பான் என்று இருந்தால், இரண்டையும் சேர்த்துத் தேடும்போது ஒரே இடத்தில் இருப்பது போல ஆவணம் பொருந்திவிடும். துளைப்பான் வந்த செடியைப் பிடுங்கி எரிக்கிற தோட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆள்கள் தவறான பிளாக்குக்குப் போய் நிற்பார்கள்.

இதற்கு வழி நெஸ்டட் வகை: பட்டியலின் ஒவ்வொரு பொருளையும் கலக்காமல் தனித்தனியாக வைப்பது. பிளாக்கையும் குறிப்பையும் நெஸ்டட் என்று ஃபீல்டு வகைகளைச் சொல்லும் மேப்பிங்கில் அறிவித்து, இண்டெக்ஸை மறுபடி கட்டி, வினவலில் இன்னர் ஹிட்ஸ் (உள்ளே பொருந்திய பொருள்கள்) கேட்டால், ஒவ்வொரு பொருத்தத்தோடும் ஃபீல்டின் பெயரும் பட்டியலில் எத்தனையாவது என்ற ஆஃப்செட் எண்ணும் வரும். பிளாக்குக்குள் குறிப்பு என்றால் இந்தத் தகவலும் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். எண் பூஜ்யத்தில் தொடங்கும். ஹைலைட்டை இன்னர் ஹிட்ஸுக்குள்ளேதான் கேட்க வேண்டும், வெளியே கேட்டால் வராது. பாதையை இனிச் சரமாக வைக்கவில்லை, ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் ஒரு சின்னப் பட்டியலாக வைத்தேன்: பெயர், எண், பெயர், எண். வெட்டுவதற்கே வேலை இல்லாமல் போனது.

இதைக் காட்டிய ஞாயிற்றுக்கிழமை மாமா மிளகைத் தேடினார். "அஞ்சு இடத்துல எழுதியிருக்கேன், மூணுதான் வருது" என்றார். அவர் நினைவு சரி. எத்தனை வேண்டும் என்று சொல்லாவிட்டால் இன்னர் ஹிட்ஸ் மூன்று மட்டுமே தரும். அளவைக் கூட்டினேன், முடிந்தது.

எண்ணை நம்பி இருந்ததும் நீடிக்கவில்லை. தோட்டத்துக்குள் சிக்னல் கிடைக்காது, எனவே தரவின் நகல் ஒவ்வொரு போனிலும் இருக்கும். மேஸ்திரி அண்ணன் தன் போனில் ஒரு பழைய பிளாக்கை நீக்கினார். மாமா போனில் ஏற்கனவே வந்திருந்த முடிவுகளைத் தொட்டால் எல்லாம் ஒரு இடம் தள்ளித் திறந்தது. வெறும் பக்கம் வந்தாலாவது தப்பு என்று தெரியும். இது வேறொரு பிளாக்கின் குறிப்பைச் சரியானது போலக் காட்டியது. ஆஃப்செட் என்பது அந்த நேரத்து ஆவணத்துக்கு மட்டும் உரிய விலாசம். எனவே முடிவு வந்து சேர்ந்த உடனேயே எண்ணை விட்டுவிட்டு அந்தப் பிளாக்கின் அடையாளத்தை எடுத்து வைத்தேன். அடையாளமாக மாமா வாயில் புழங்குவதையே வைத்தேன்: சர்வே எண், அதற்குள் பிளாக்கின் பெயர், அதற்குள் குறிப்பின் தலைப்பு.

"இந்தக் குறிப்பைப் பாருங்க" என்று மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் இணைப்பு அனுப்பும் வசதியும் மாமாவுக்கு வேண்டியிருந்தது. அங்கே பாதை மறுபடி சரமாக வேண்டும். சாய்கோடு போட்டு இணைத்தேன். நம் ஊர்ச் சர்வே எண்ணில் உட்பிரிவே சாய்கோடு போட்டுத்தான் எழுதுவோம். 145/2 இரண்டு படியாக உடைந்தது.

இதற்குச் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். ஜேசன் பாயின்டர் என்று 2013-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6901 என்ற இணையத் தர ஆவணம் இருக்கிறது, சில பக்கம்தான். பெயருக்குள் சாய்கோடு வந்தால் ~1 என்று எழுது, அலைக்குறி வந்தால் ~0 என்று எழுது, அவ்வளவே. 145/2 என்பது 145~12 ஆகும். எழுதும்போது முதலில் அலைக்குறி, பிறகு சாய்கோடு. படிக்கும்போது தலைகீழாக, முதலில் ~1, பிறகு ~0. இந்த வரிசையை நான் மாற்றி எழுதியிருந்தேன். பல வாரம் எந்தக் கோளாறும் தெரியவில்லை. மாமா ஒரு பிளாக்குக்கு "~1 ஏக்கர் மேடு" என்று பெயர் வைத்திருந்தார், ஏறக்குறைய ஒரு ஏக்கர் என்ற கணக்கில். அது ~01 ஆகப் போய், திரும்பி வரும்போது முதலில் ~1 ஆகி, பிறகு சாய்கோடாகவே மாறிவிட்டது. அந்த ஒரு பிளாக் மட்டும் திறக்கவில்லை. இரண்டு வரியை இடம் மாற்றினேன்.

எல்லாம் சரி என்று நினைத்த பிறகு ஒரு இணைப்பு மட்டும் அடம்பிடித்தது: "கொட்டச்சேடு ஓரம்". மேஸ்திரி அனுப்பினால் மாமா போனில் திறக்காது. மாமா அனுப்பினால் மேஸ்திரிக்குத் திறக்காது. திரையில் இரண்டு பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. சாயங்காலம் முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் எழுத்துகளுக்கு யூனிகோடு தரம் தரும் எண்களை அச்சிட்டேன். ஒன்றில் "கொ" என்பது 2965, 3018. மற்றதில் 2965, 3014, 3006. ஒரு விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே குறியீடாக எழுதுகிறது. மற்றது ஒற்றைக்கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாக எழுதுகிறது. யூனிகோடுக்கு இரண்டும் சமம். டார்ட்டின் ஒப்பீட்டுக்குச் சமம் இல்லை.

இதற்கு இயல்பாக்கம், அதாவது இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்குவது, செய்ய வேண்டும். டார்ட்டின் அடிப்படை நூலகத்தில் அது கிடையாது, தனிப் பேக்கேஜ் சேர்க்கலாம். தமிழுக்கு மட்டும் என்றால் நான்கே இடம்தான்: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் தனி ஔ எழுத்தும். நான் சிறிய அட்டவணையாகவே எழுதிக்கொண்டேன். பெயர் செயலிக்குள் நுழையும் இடத்திலேயே மாற்ற வேண்டும். சேமிக்கும்போது, தேடும்போது, இணைப்பைப் படிக்கும்போது, மூன்றிலும். ஒன்றை விட்டாலும் பயனில்லை. ஆங்கிலப் பெயர்களை வைத்து மட்டும் சோதித்திருந்தால் இது என் கண்ணில் பட்டே இருக்காது. இப்போது என் சோதனைத் தரவில் கொட்டச்சேடும் கொளகூரும் இரண்டு விதமாகவும் எழுதி இருக்கின்றன. எஸ்.795, 145/2, "~1 ஏக்கர் மேடு" ஆகியவற்றோடு ஒவ்வொரு முறையும் அவையும் ஓடும்.

போன ஞாயிறு மேஸ்திரி அண்ணன் தோட்டத்து ஓரத்தில் நின்று ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். மாமா திண்ணையில் உட்கார்ந்தபடியே தொட்டார். அதே பிளாக், அதே வரி திறந்தது. "சரி, அந்த மூணு செடியையும் இன்னிக்கே எடுத்துடச் சொல்லு" என்று போனை என்னிடம் நீட்டினார்.