ஏணியைப் பிடித்தவர்

ஏணி ஆடியது. கீழே யாரோ வந்து பிடித்துக்கொண்டார்கள். நான் குனிந்து பார்க்கவில்லை. ஒரு கையில் டெஸ்டர், மறு கை கம்பத்தில். பெட்டி மூடியின் உட்புறம் குளவி மண்கூடு கட்டியிருந்தது. எட்டு வீடுகளுக்கு எட்டு ஃபியூஸ். எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு ஆறாவதை இழுத்தேன். ஃபியூஸ் கம்பியைத் தாங்கும் பீங்கான் கேரியர் இறுகிப்போயிருந்தது; இழுத்ததும் ஒரு சிறு சத்தத்தோடு கையோடு வந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஏணியைப் பிடித்திருந்தது அந்த ஆறாவது வீட்டு அம்மா.

நான்கு வருடம் ஆகிறது. இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து, மூன்று முறையும் பேட்டரியைப் பற்றி எழுதிவிட்டு எழுந்துவிட்டேன். இப்போதும் பேட்டரி வரும். அது இல்லாமல் என் பக்க நியாயத்தைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஏணியைப் பிடித்தபோது, நான் கழற்றுவது தன் வீட்டு ஃபியூஸ் என்று அவருக்குத் தெரியுமா? முந்தைய நாள் இரவுதான், ஊரின் சூரிய மின்சாரத்தை நடத்தும் குழு கூடித் தீர்மானம் எழுதியது. அவர் கூட்டத்துக்கு வரவில்லை. செயலாளர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் எப்படியும் அந்த வீட்டுப் பக்கம் போவேன், சொல்லிவிடுவேன் என்று செயலாளர் நினைத்திருக்கிறார். எனவே தெரியாமல்தான் பிடித்திருக்க வேண்டும். ஆனால் இறங்கியபோது அவர் முகத்தில் வியப்பு எதுவும் இல்லை. தெரிந்தே பிடித்தார் என்றால் அது இன்னும் மோசம்.

“மின் வாரியத்திலிருந்து கழற்றச் சொன்னார்களா, தம்பி?”

“இல்லை அம்மா. இது ஊர்க் குழுவின் மின்சாரம். குழுதான் முடிவெடுத்திருக்கிறது.”

“வாரியம் கழற்றினால் ஆபீசில் போய் நின்று கேட்கலாம் என்பார்கள். இது நம்முடையது என்று நீங்கள்தானே கூட்டத்தில் சொன்னீர்கள். நம்முடையதைக் கழற்றினால் யாரிடம் போய்க் கேட்பது?”

“குழுவில் சொல்லுங்கள் அம்மா.”

“கழற்றச் சொன்னதே குழுதானே?”

“விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அம்மா” என்றேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஏணியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு பேட்டரி அறைவரை என்னோடு நடந்து வந்தார். ஏணி கனம்.

அந்த விதியை எழுதியது நான். “தொடர்ந்து மூன்று மாதம் பாக்கி வைத்தால் இணைப்பு துண்டிக்கப்படும்.” குழுவின் விதிப் புத்தகத்தில் பதினொன்றாவது விதி. அந்த வருடம் அவர் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்கி, இரண்டரை மாதம் கழித்துத்தான் திரும்பினார். வீடு பூட்டியே கிடந்தது, மூன்று மாதக் கட்டணம் பாக்கி. ஒரு விளக்கும் எரியவில்லை. எங்கள் கட்டணமோ யூனிட் கணக்கு அல்ல, மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையானது. எரியாத விளக்குக்கு ஏன் பணம் என்று அவர் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறார். குழுவுக்கு அது ஏமாற்றுவதாகப் பட்டது.

இங்கேதான் பேட்டரி வருகிறது.

சூரிய மின்சாரத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது. செலவெல்லாம் முதலிலேயே ஆகிவிடுகிறது. பிறகு அது பேட்டரி வழியாகத் திரும்ப வருகிறது. நாங்கள் வைத்தது இரண்டு வோல்ட் ஈய-அமில செல்கள் 24, வரிசையாக இணைத்து 48 வோல்ட், 600 ஆம்பியர்-மணி. கணக்குப்படி ஏறக்குறைய 29 யூனிட். அதில் பாதிக்குமேல் எடுத்தால் செல்லின் ஆயுள் குறையும் என்பதால் 14 யூனிட்டில் நிறுத்திவிடுவோம். வீடுகள் 42. ஓர் இரவுக்கு ஒரு வீட்டின் பங்கு மூன்றில் ஒரு யூனிட். மூன்று எல்.இ.டி. விளக்கு, கைபேசி, கொஞ்ச நேரம் ஒரு சின்ன டி.வி. யாராவது ஓர் இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அது ஆயிரம் வாட் இழுக்கும், ஒரு மணி நேரத்தில் மூன்று வீட்டின் பங்கு போய்விடும். எனவே வீட்டுக்கு நூறு வாட் என்று வரம்பு வைத்தோம்.

வீடு பூட்டிக் கிடந்தாலும் அந்த செல்களுக்கு வயதாகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டாலும் ஐந்தாறு வருடத்தில் மாற்ற வேண்டும். அதற்கான பணத்தை முதல் மாதத்திலிருந்தே சேர்த்தாக வேண்டும். சேர்க்காத ஊர்களைப் பார்த்திருக்கிறேன். கூரையில் தகடுகள் வெயிலில் பளபளக்கும், கீழே அறை பூட்டிக் கிடக்கும், செல் முனைகளில் பச்சையாகப் பூத்திருக்கும். ஊர் பழையபடி மண்ணெண்ணெய்க்குப் போயிருக்கும். ஆகவே நிலையான கட்டணம் தொழில்நுட்ப ரீதியில் நேர்மையான கட்டணம். இதை யார் கேட்டாலும் பலகையில் எழுதி நிரூபிப்பேன். அந்த அம்மா கேட்டிருந்தாலும் நிரூபித்திருப்பேன். அவர் கேட்டது வேறு.

என்னை ஏன் ஏணியில் ஏற்றினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஃபியூஸ் கழற்றுவது, மாட்டுவது, செல்களுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்றுவது எல்லாம் ஊரிலேயே ஒரு பையனுக்குப் பழக்கிக் கொடுத்த வேலைகள். அவன் மாட்டேன் என்றுவிட்டான். பக்கத்து வீடு, நாளைக்கு முகத்தில் விழிக்க வேண்டும். செயலாளர் என்னிடம் வந்து, “நீங்கள் வெளியூர்க்காரர் சார். நீங்கள் கழற்றினால் ஊருக்குள் பகை வராது” என்றார். நியாயம்தானே என்று தோன்றியது. ஊர் தன்னைத் தானே ஆள வேண்டும் என்று இரண்டு வருடம் அங்கே பேசியவன் நான். அந்த ஆட்சியின் முதல் கடினமான காரியத்துக்கு வெளியாள் தேவைப்பட்டபோது, அதிலிருந்த முரண் எனக்கு அப்போது உறைக்கவில்லை. மறுத்திருந்தால் அந்தப் பையனைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று சொல்லிக்கொள்கிறேன். இல்லை, யாருமே ஏறாமல் அது அப்படியே விட்டுப்போயிருக்கும். ஒருவேளை அதுதான் சரியான முடிவாக இருந்திருக்கும். அப்படி விட்டால் அடுத்த மாதம் பத்து வீடு கட்டாது, ஆறாம் வருடம் பேட்டரி கிடையாது. மறுபடியும் பேட்டரி.

திரும்பி வந்த பிறகு சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். 2003 மின்சாரச் சட்டம், பிரிவு 56. கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கும் முன் முழுமையாகப் பதினைந்து நாள் அவகாசம் தந்து எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பிரிவு 42-இன்படி விநியோக உரிமதாரர் ஒவ்வொருவரும் நுகர்வோர் குறைதீர் மன்றம் அமைக்க வேண்டும். அங்கே திருப்தி இல்லையென்றால் மேலே குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அந்த அம்மா கேள்விப்பட்ட ‘ஆபீஸ்’ இதுதான். அது எப்போதும் நன்றாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது.

எங்களுக்கு அந்த வாசல் கிடையாது. அரசு அறிவித்த ஊரகப் பகுதியில் மின்சாரம் உற்பத்தி செய்து அங்கேயே விநியோகிப்பவருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது பிரிவு 14. சிறிய ஊர்த் திட்டங்களுக்கு அது பெரிய விடுதலை. பயிற்சி வகுப்புகளில் அந்த வரியை வாசித்துக் காட்டி மகிழ்ந்திருக்கிறேன். உரிமம் இல்லை என்றால் உரிமதாரருக்கு விதித்த கடமைகளும் இல்லை என்பதை மகிழ்ச்சியில் கவனிக்கவில்லை. அதே வரியின் மிச்சத்தில் ஒரே ஒரு நிபந்தனை இருக்கிறது: பிரிவு 53-இன் பாதுகாப்பு நடவடிக்கைகளைக் கடைப்பிடிக்க வேண்டும். அதாவது யாருக்கும் ஷாக் அடிக்கக் கூடாது.

எரிசக்தி நீதி என்று வகுப்பெடுக்கும்போது மூன்றாகப் பிரித்துச் சொல்வோம். யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது, யார் கணக்கில் சேர்க்கப்படுகிறார்கள், யார் முடிவெடுக்கிறார்கள். மூன்றாவதில் எங்கள் திட்டத்துக்கு நானே முழு மதிப்பெண் போட்டிருந்தேன். குழுவில் ஒன்பது பேர், மூன்று பெண்கள், தீர்மானப் புத்தகம், கையெழுத்து. அந்த மூன்று பெண்களில் இருவர் கையெழுத்துப் போட மட்டும் வருவார்கள் என்பது தெரிந்தும் போட்டிருந்தேன்.

ஜெர்மனியின் ஷோனாவ் கதையை எல்லா வகுப்பிலும் சொல்வேன். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு அந்தச் சின்ன ஊரின் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய இயக்கம், இரண்டு ஊர் வாக்கெடுப்புகளைத் தாண்டி 1997-இல் ஊரின் மின்தொகுப்பையே விலைக்கு வாங்கியது. அருமையான கதை. ஆனால் 1996 வாக்கெடுப்பில் வென்றது குறுகிய வித்தியாசத்தில்தான், ஏறக்குறைய பாதி ஊர் எதிர்த்து வாக்களித்தது என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொன்னதில்லை. ‘சமூகம்’ என்ற சொல்லை வாயில் போட்டுக்கொண்டால் அந்த மறுபாதி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. எங்கள் ஊரில் மறுபாதி என்பது ஒரே ஒரு வீடு, அவ்வளவுதான்.

இன்னொன்றும் பிறகுதான் புரிந்தது. தமிழ்நாட்டில் வாரிய இணைப்பு உள்ள வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அரசு மானியமும், அதிகக் கட்டணம் கட்டும் கடைகளும் தொழிற்சாலைகளும் சேர்ந்துதான் ஏழை வீட்டு விளக்கை எரியவைக்கின்றன. அந்த அம்மாவின் வீட்டுக்கு வாரியத்தின் கம்பி போயிருந்தால், நூறு வாட் வரம்பில் அவர் வருடம் முழுவதும் விளக்கெரித்தாலும் ஏறக்குறைய ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது. 42 வீட்டு மின்தொகுப்பில் யாரிடமிருந்து வாங்கி யாருக்குக் கொடுப்பது? எல்லோரும் ஒரே அளவுக்கு ஏழைகள். சிறியது அழகு என்று நம்பி வந்தவன் நான். சிறியதில் பங்கிட ஒன்றும் இருக்காது என்பதை ஒரு ஃபியூஸைக் கழற்றித் தெரிந்துகொண்டேன்.

அப்படியானால் கம்பிக்குக் காத்திருந்திருக்கலாமா? காப்புக்காட்டுக்குள் கம்பி இழுக்க அனுமதி கேட்ட மனு எத்தனை மேசை மாறியது என்று அந்த ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். 2018 ஏப்ரல் 28-ஆம் தேதியோடு நாட்டின் எல்லாக் கிராமங்களுக்கும் மின்சாரம் போய்விட்டதாக அறிவித்தார்கள். கணக்கு கிராமத்துக்கு, அதைச் சேர்ந்த குக்கிராமங்களுக்கு அல்ல. கிராமத்திலும், பொது இடங்களோடு பத்தில் ஒரு வீட்டுக்கு இணைப்பு இருந்தால் போதும். எங்கள் ஊர் காகிதத்தில் வெளிச்சமாக இருந்தபோதுதான் அடுத்த வருடம் நாங்கள் தகடுகளைச் சுமந்துகொண்டு ஏறினோம். அதைத் தவறு என்று யாராவது சொன்னால் இப்போதும் சண்டைக்குப் போவேன். பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014-இல் நூறு கிலோவாட் சூரிய மின்தொகுப்பு வந்தபோது, எங்களுக்கு ‘அசல் மின்சாரம்’தான் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் திறப்பு விழாவுக்கு வந்த முன்னாள் முதலமைச்சரிடமே கேட்டார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அந்த ‘அசல்’ என்ற சொல்லில் அவர்கள் யூனிட்டை மட்டும் கேட்கவில்லையோ என்று தோன்றுகிறது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது குழுவில் இரண்டு திருத்தங்கள் வைத்தேன். துண்டிக்கும் முன் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்பு. பூட்டிய வீட்டுக்குப் பாதிக் கட்டணம். முதலாவதை உடனே ஏற்றார்கள். இரண்டாவதற்கு, “அப்புறம் எல்லா வீடும் பூட்டிக் கிடக்கும் சார்” என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், திருத்தம் போனது. அதன் பிறகு அங்கே யாருடைய இணைப்பும் துண்டிக்கப்படவில்லை. எல்லோரும் கட்டுகிறார்களா, இல்லை ஏணியில் ஏற ஆள் இல்லையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கணக்குப் புத்தகம் சரியாக இருக்கிறது. சில மாதங்களில் சரியாக இருப்பதற்கும் மேலாகச் சரியாக இருக்கிறது.

அந்த அம்மாவின் பாக்கி பத்தொன்பதாவது நாள் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது என்று புத்தகத்தில் இல்லை, ‘வரவு’ என்று மட்டும் இருக்கிறது. “முடிந்துவிட்டது சார், விளக்கு எரிகிறது” என்று செயலாளர் போனில் சொன்னார். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. கழற்றிய கேரியரைக் குழுவிடம் ஒப்படைத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதும் நான் எழுதிய விதிதான். அது என் சட்டைப் பையில் ஊர் திரும்பி, என் மேசையில் கிடந்தது. கேரியர் இல்லாமல் எப்படி எரிகிறது?

பையன் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி நேரடியாகச் சேர்த்துவிட்டிருந்தான். ஃபியூஸே இல்லை. அந்த வீட்டில் ஏதாவது கோளாறு ஏற்பட்டிருந்தால், கம்பிதான் முதலில் சிவந்திருக்கும், பிறகு கூரை. சட்டம் எங்கள்மீது வைத்திருந்த ஒரே நிபந்தனை அது.

மறுவாரமே கேரியரை எடுத்துக்கொண்டு போனேன். கம்பியை அகற்ற அந்த வீட்டின் மின்சாரத்தை மறுபடி நிறுத்த வேண்டும். அதற்கு முன் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர் உள்ளேயிருந்து வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஏணியின் காலைப் பிடித்தார்.

“இந்தத் தடவை எத்தனை நாள், தம்பி?” என்று கேட்டார்.

“ஐந்து நிமிடம் அம்மா” என்றேன். குளவிக்கூடு இன்னும் பெரிதாகியிருந்தது. அன்றைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது.