டோயிங் நம்பர்ல மயங்காதீங்க, கதவைத் தொறந்து பாருங்க

கேம்பர் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால கட்டி இழுக்குற சின்ன வீடு மாதிரி) இழுக்க பிக்கப் ட்ரக் வேணும்னு போனா, டீலர்ஷிப்ல எடுத்ததுமே டோயிங் கெப்பாசிட்டிதான் பேசுறாங்க, 11,000 பவுண்டு இழுக்கும்னு, நானும் வாயப் பொளந்துட்டேன். ஆனா டிரைவர் கதவத் தொறந்தா ஓரமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பேலோட், அதாவது ஆளு, சாமான் எல்லாம் சேத்து வண்டி தன் மேல எவ்ளோ எடை தாங்கும்ங்கறது, அதுலதான் போட்டிருக்கும், நாங்க பாத்த ஃபோர்டு எஃப்-150ல 1,500 பவுண்டு சொச்சம்தான். ட்ரெய்லர் சாமானோட 7,000 பவுண்டுன்னா அதுல 10லேருந்து 15 சதவீதம் ட்ரெய்லர மாட்டுற ஹிட்ச் மேல வந்து உக்காரும், அதுவும் பேலோட் கணக்குலதான் சேரும், ஒரு 900ன்னு வைங்க, நாங்க நாலு பேரு 600, அவ்ளோதான் முடிஞ்சுது, இதுல கூலர், ஜெனரேட்டர், பசங்க சைக்கிள்லாம் எங்க போடுறது? கடைசில இன்னும் அதிக எடை தாங்குற எஃப்-250 எடுத்தாச்சு. காலியா ஓட்டுனா தூக்கிப் போடுது, பார்க்கிங் பண்றதுக்குள்ள உசுரு போகுது, ஆனா கொலராடோ ஐ-70 மலை எறக்கத்துல கை நடுங்கல.