பிந்தி வந்தவர்கள்

நவம்பர் 11

களஞ்சியக் காப்பாளர் வேலைக்கு ஆறு பேரைத் தெரிந்தாயிற்று. 14ஆம் திகதி காலை 9 மணிக்கு நேர்முகப் பரீட்சை என்று ஆறு பேருக்கும் ஒரே கடிதம். மட்டக்களப்பில் எங்கள் ஹார்ட்வெயார் கடையில் காலம்காலமாக இப்படித்தான். கடைசி ஆள் மத்தியானம் வரை வாங்கில் குந்தியிருக்கும்.

நவம்பர் 14

விடியச் சாமம் தொடங்கிய மழை விடவில்லை. 8.20க்கே மண்டூர்ப் பிள்ளை வந்துவிட்டது. விடியற்காலையில் குருமண்வெளிக்குப் பாதை (ஆற்றைக் கடக்கும் மிதவை) ஏறி, பிறகு பஸ் பிடித்து வந்ததாம். சான்றிதழ் கோவையை இரண்டு சொப்பிங் பேக்குக்குள் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி இருந்தது. செருப்பை வாசலில் கழற்றி, மழைத் தண்ணீரில் சேற்றைக் கழுவி வைத்தது.

8.30க்கு ஒரு தம்பி ஏறாவூரில் இருந்து தொலைபேசி எடுத்தான், பஸ் நின்றுவிட்டது என்று. அரை மணி பிந்தித்தான் வந்தான். கல்லடித் தம்பி ஒன்றும் சொல்லாமல், சுவர் மணிக்கூட்டில் 9.47க்கு, தலைக்கவசமும் கையுமாக வந்து நின்றான்.

“பாலத்தில சரியான நெருக்கம் சேர்.”

ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய பழைய இரும்புப் பாலம் இருந்த காலத்தில் இந்தச் சாட்டு செல்லும். புதுப் பாலம் திறந்தது 2013இல்!

பட்டியலில் அவன் இரண்டாவது. வந்த கையோடு உள்ளே கூப்பிட்டேன். மண்டூர்ப் பிள்ளை கடைசிப் பெயர், அதனால் 11.50 வரை வாங்கிலேயே. அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கணக்குப் பார்க்கிற அக்கா சும்மா விடுவாவா?

“பிந்தி வந்தவனுக்குக் கதிரை, முந்தி வந்த பிள்ளைக்கு வாங்கு. நல்ல நியாயம் தம்பி.”

நவம்பர் 15

எனக்கு ஏன் இந்த இளக்கம் என்று இரவு யோசித்தேன். 1998இல் நானும் ஒரு நேர்முகத்துக்கு அரை மணி பிந்திப் போனவன். அரசாங்கம் 1996இல் நாட்டின் மணிக்கூட்டை முதலில் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, சில மாதத்தில் அரை மணியைத் திருப்பிக் குறைத்தது. ஆற்றுக்கு மேற்கே, படுவான்கரையில் புலிகள் இயக்கத்தின் ஆட்சி, பழைய நேரம்தான். கொக்கட்டிச்சோலையில் எட்டரை என்றால் மட்டக்களப்பில் ஒன்பது. ஆற்றைக் கடந்தால் அரை மணி போய்விடும். 2006 சித்திரையில் பழைய நேரத்துக்கே நாடு திரும்பும் வரை எதற்கும் ‘புது நேரமா, பழைய நேரமா’ என்று கேட்க வேண்டும். நான் அன்றைக்குக் கேட்க மறந்தேன். வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். காரணம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

சரி, அதற்காக இப்போது பிந்தி வருகிற எல்லோரையும் மடியில் தூக்கி வைக்க ஏலுமா?

நவம்பர் 17

அக்காவோடு இருந்து கதைத்து முடிவெடுத்தோம். கால் மணி வரை ஒன்றும் கேட்பதில்லை. அதற்கு மேல் பிந்தினால், முன்கூட்டி அறிவித்தவருக்குக் கடைசியில் இடம் உறுதி. அறிவிக்காதவருக்கு நேரம் மிஞ்சினால் மட்டும். நேரத்துக்கு வந்த ஒருவரின் நேரமும் அதற்காகக் குறையக்கூடாது. காரணத்தை ஒரு தரம் கேட்டு எழுதி வைப்பது, புத்திமதி சொல்வதில்லை. அன்றைய மனநிலைக்கு ஏற்ப நான் இளகக்கூடாது என்பதற்காகவே எழுத்தில் வைத்தோம்.

வேலையையும் பார்க்க வேண்டும். திருகோணமலைச் சீமெந்து லொறி காலை ஆறரைக்கு வந்து நிற்கும், களஞ்சியக் காப்பாளர் பிந்தினால் இறக்குகிறவர்களும் மழையில் நிற்பார்கள். பில் எழுதுகிறவர் பத்து நிமிடம் பிந்தினால் குடி முழுகாது.

பிறகு அக்கா எங்கள் கடிதத்தை எடுத்து நீட்டினா. அதில் கைப்பேசி இலக்கமே இல்லை. கடை இலக்கம் மட்டும், கடை திறப்பது எட்டரைக்கு. ஏறாவூர்த் தம்பி கடை திறக்கும் வரை எத்தனை தரம் அடித்துப் பார்த்தானோ!

நவம்பர் 20

மண்டூர்ப் பிள்ளைக்கு வேலை. ஆறரைக்கு எப்படி வருவாய் என்று கேட்டேன், ஆரையம்பதியில் சின்னம்மா வீட்டில் தங்குமாம். கல்லடித் தம்பிக்கு நானே எடுத்துச் சொன்னேன்.

“பிந்தினதாலயா சேர்?”

“இல்ல தம்பி, ஒரு தொன்னுக்கு எத்தனை சீமெந்து மூட்டை எண்டு கேட்டதுக்கு நீ பத்து எண்டாய்.”

இருபது மூட்டை. சொன்னது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

காசாளர் வேலைக்கான கடிதம் இன்று போகிறது. ஆளுக்கு ஒரு நேரம், என் கைப்பேசி இலக்கம் தடித்த எழுத்தில். தூரத்து ஆட்களுக்குப் பத்து மணிக்குப் பிறகு. கடிதத்தில் கையெழுத்து வைக்கும்போது நேரம் போட நிமிர்ந்தேன். சுவர் மணிக்கூடு ஏழு நிமிடம் முந்தி ஓடுகிறது.