எச்சில் ஊறுவதும் நேராக நடப்பதும்

செல்லுக்குள் கால்சியம் ஏறி இறங்குவதை அளப்பதுதான் என் வேலை என்று சொன்னால், கேட்பவர் நேராக எலும்புக்குப் போய்விடுவார். முழங்கால் வலிக்கு மாத்திரை சாப்பிடலாமா என்பார். எலும்பில் இருப்பது கட்டுமானப் பொருள். நான் பார்ப்பது செல்லுக்குள் சில விநாடிகள் தலைகாட்டிவிட்டுக் காணாமல் போகும் கால்சியம். கூடுதலாகப் பால் குடித்தால் அது கூடிவிடாது.

என் செல்கள் சுண்டெலியின் காதோரத்தில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வருகின்றன. அவற்றில் ஃபியூரா-2 என்ற சாயத்தை ஏற்றி, இருட்டறையில் நுண்ணோக்கியில் வைப்போம். ராஜர் சியென் குழு 1985-இல் வெளியிட்ட சாயம். எங்கள் அறையில் இன்னும் அதுதான் ராஜா. 340 நானோமீட்டர் ஒளி ஒரு தடவை, 380 ஒரு தடவை என்று மாற்றி மாற்றி அடித்தால், இரண்டுக்கும் வரும் ஒளிர்வின் விகிதம் உள்ளே கால்சியம் எவ்வளவு என்று சொல்லிவிடும். சும்மா இருக்கும் செல்லில் கோடு தட்டையாக ஓடும். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினுக்குப் பதிலாக, அதைப் போலவே வேலை செய்யும் கார்பகால் என்ற மருந்தைக் கொஞ்சம் விட்டதும் கோடு விருட்டென்று எழும். மருந்தின் அளவைக் குறைத்தால் இன்னும் அழகு: ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், நிற்கவே நிற்காது.

இது நடக்கக் காரணம், செல் ஓயாமல் கால்சியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான். ஓட்டைப் படகிலிருந்து தண்ணீரை இறைப்பது மாதிரி. வெளியே ஒரு மில்லிமோலார் அளவில் இருப்பது, உள்ளே சுமார் 100 நானோமோலார். பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். இவ்வளவு சரிவு இருக்கும்போது ஒரு கதவைக் கொஞ்சம் திறந்தாலே போதும், செல் முழுக்கச் செய்தி போய்விடும்.

சரி, எந்தக் கதவு? இங்கேதான் எனக்குப் பழைய மனக்குறை ஒன்று உண்டு. கால்சியம் என்றாலே இப்போது எல்லாருக்கும் மூளைதான் ஞாபகம் வருகிறது. கருத்தரங்குகளில் நியூரான்கள் மினுமினுக்கும் வீடியோவுக்குக் கூட்டம் நிற்கும்; எச்சிலைப் பற்றிப் பேச எழுந்தால் காபி குடிக்கப் போய்விடுவார்கள். ஆனால் கதை தொடங்கியது சுரப்பியில். 1953-இல் லோவெல் ஹோக்கினும் மேபல் ஹோக்கினும் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலினை விட்டபோது, சவ்விலிருக்கும் ஒருவகைக் கொழுப்பில் பாஸ்பரஸ் வேகமாகச் சேர்வதைப் பார்த்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று வெகுகாலம் தெளிவாகவில்லை. கேம்பிரிட்ஜில் மைக்கேல் பெரிட்ஜ் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியைக் கையில் எடுத்தார். ஈயின் எச்சில்! 1983-இல் ஜெர்மனியின் ஸ்ட்ரெப், ஷூல்ஸ் ஆகியோரும் பெரிட்ஜும் இர்வைனும் சேர்ந்து கணையச் செல்களின் வெளிச்சவ்வில் ஓட்டை போட்டு, அந்தக் கொழுப்பு உடைந்து வரும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறை உள்ளே விட்டார்கள். உள்ளே சேமித்து வைத்திருந்த கால்சியம் வெளியே கொட்டியது. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து அல்ல, செல்லுக்குள்ளேயே இருக்கும் வேறொரு கிடங்கிலிருந்து.

அதாவது கிடங்கில் ஒரு கதவு இருக்கிறது, ஐபி3 அதன் சாவி. கதவு மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை.

அதைப் பிடித்தவர் கால்சியத்தைத் தேடிப் போனவரே அல்ல. ஜப்பானின் கட்சுஹிகோ மிகோஷிபா தள்ளாடி நடக்கும் சுண்டெலிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்த எலிகளின் சிறுமூளையில் புர்க்கின்யே செல்கள் கெட்டுப்போயிருக்கும். புர்க்கின்யே என்பது விசிறி மாதிரிக் கிளை விரித்து நிற்கும் பெரிய நியூரான். நடை, சமநிலை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. ஆரோக்கியமான எலியின் சிறுமூளையில் பி400 என்ற ராட்சசப் புரதம் ஏராளமாக இருக்கும். தள்ளாடும் எலிகளில் அது மிகவும் குறைவு. பார்த்தவர்களுக்கு அது என்ன வேலை செய்கிறது என்று தெரியாது. மிகோஷிபா அதை விடவில்லை. 1989-இல் அவருடைய குழு அதன் முழு வரிசையையும் வெளியிட்டது: 2749 அமினோ அமிலங்கள். ஐபி3 போய் ஒட்டிக்கொள்ளும் புரதம் அதுவேதான். கணையக்காரர்கள் தேடிய கதவு, சிறுமூளையில் குவிந்து கிடந்தது.

இந்த இடம் எனக்கு எப்போது படித்தாலும் பிடிக்கும். ஒரே சங்கதியை இரண்டு கூட்டத்தார் இரண்டு முனையிலிருந்து தோண்டியிருக்கிறார்கள்.

அந்தக் கதவின் குணம் விசித்திரமானது. ஐபி3 மட்டும் வந்தால் போதாது, கொஞ்சம் கால்சியமும் வேண்டும். கால்சியம் சற்றுக் கூடினால் கதவு இன்னும் நன்றாகத் திறக்கும். அளவு மிஞ்சினால் தானே மூடிக்கொள்ளும். இந்த மணி வடிவ வளைவை 1991-இல் காட்டினார்கள், அதுவும் சிறுமூளையிலிருந்து எடுத்த கதவுகளில்தான். என் திரையில் கோடு ஏறி இறங்குவதற்கு இந்தக் குணம் ஒரு முக்கியக் காரணம்.

சுரப்பிச் செல்லில் கதவுகள் எச்சில் வெளியேறும் முனைப் பக்கமாக நெருக்கமாக இருக்கும். கால்சியம் முதலில் அங்கேதான் எழும், அங்குள்ள குளோரைடு வழிகளைத் திறக்கும், குளோரைடு வெளியேறும், சோடியம் பின்தொடரும், உப்பின் பின்னால் தண்ணீர். வாயில் எச்சில். புர்க்கின்யேயில் அதே கதவு, இரண்டு செய்திகள் ஒன்றாக வருகின்றனவா என்று பார்க்கிறது. ஒரு வகை நரம்பிழை ஐபி3-ஐ உண்டாக்கும். இன்னொன்று வெளியிலிருந்து கால்சியத்தை உள்ளே விடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தால் கதவு நன்றாகத் திறந்து, முதல் இழைக்கும் புர்க்கின்யேக்கும் உள்ள இணைப்பு வலுவிழக்கும். சிறுமூளை அசைவுகளைத் திருத்திக் கற்பதில் இதற்குப் பங்கு உண்டு.

கதவில் மூன்று வகை. முதல் வகையின் மரபணுவை நீக்கிய எலிகள் பெரும்பாலும் கருவிலேயே இறந்தன. பிறந்தவற்றுக்குக் கடுமையான தள்ளாட்டமும் வலிப்பும். இது 1996. இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்து நீக்கிய எலிகளைப் பற்றி 2005-இல் மிகோஷிபாவின் குழு எழுதிய கட்டுரையை நான் புதியவர்களுக்கெல்லாம் படிக்கக் கொடுப்பேன். அந்த எலிகளுக்கு எச்சில் ஊறவில்லை. உலர்ந்த தீவனம் எதிரிலேயே இருந்தும் விழுங்க முடியவில்லை. கூழாகக் குழைத்துக் கொடுத்தால் பிழைத்தன, ஆனாலும் உடம்பு தேறவில்லை. கணையமும் நொதிகளைச் சுரக்க மறுத்துவிட்டது. மனிதர்களிலும் இப்படியே பிரிகிறது: முதல் வகை மரபணு கெட்டால் நடை மெல்ல மெல்லக் குலையும் சிறுமூளை நோய் ஒன்று, இரண்டாம் வகை கெட்ட ஒரு குடும்பத்தில் வியர்வையே வராதவர்கள் இருப்பதாக 2014-இல் பதிவானது.

இவ்வளவு தெரிந்தும், இந்தக் கதவை மட்டும் அடைக்கும் சுத்தமான மருந்து எங்கள் கையில் இல்லை. 2-ஏபிபி என்று ஒன்று உண்டு. 1997-இல் அதை அறிமுகப்படுத்தியதும் மிகோஷிபா குழுதான். ஆனால் கிடங்கு காலியானதும் வெளியிலிருந்து கால்சியத்தை வரவழைக்கும் இன்னொரு வழியையும் அது தொடுகிறது. குறைந்த அளவில் அந்த வழியைத் தூண்டும், கூடுதல் அளவில் அடைக்கும். பிறகு எதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? அப்படியும் கட்டுரை அனுப்பும்போதெல்லாம் மதிப்பீட்டாளர்களில் ஒருவர் "2-ஏபிபி போட்டுப் பார்த்தீர்களா" என்று கேட்டுவிடுவார். போட்டுப் பார்க்கிறேன், வரைபடத்தைப் பின்னிணைப்பில் வைக்கிறேன், கீழே மேற்சொன்னதையே கொஞ்சம் மரியாதையாக எழுதி அனுப்புகிறேன்.