இரண்டு கமாக்கள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்வது என் வேலை. கட்டுரையை எழுதியவர் லண்டனிலோ பாஸ்டனிலோ இருப்பார். அவருடைய ஆங்கிலத்தைச் செப்பனிடுகிறவர்கள் சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்போம். சேர்ந்த புதிதில் ஆங்கில இலக்கணம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நிறுத்தக்குறிகளை மட்டும் ஒரு பொருட்டாகவே எண்ணியதில்லை. பள்ளியில் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான்: மூச்சு விடும் இடத்தில் கமா போடு.

அந்த மூச்சுக் கணக்கில்தான் முதல் அடி விழுந்தது. ஒரு மருந்து ஆய்வில், 'த பேஷன்ட்ஸ் ஹூ ஹேட் ஃபீவர் வேர் கிவன் த டிரக்' என்று ஒரு வரி. ஒரே ஓட்டமாக இருக்கிறதே என்று 'பேஷன்ட்ஸ்' முடிந்ததும் ஒரு கமா, 'ஃபீவர்' முடிந்ததும் ஒரு கமா வைத்தேன். அச்சுக்கு முந்தைய ப்ரூஃபைப் பார்த்த கட்டுரையாசிரியர் அந்த வரியை மஞ்சளில் குறித்து அனுப்பியிருந்தார். அவர் எழுதியபடி, காய்ச்சல் இருந்தவர்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். என் கமாக்கள் விழுந்ததும் எல்லா நோயாளிகளுக்கும் காய்ச்சல், எல்லோருக்கும் மருந்து என்று ஆகிவிட்டது. அப்படியே அச்சாகியிருந்தால்? அன்று மதியச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை.

எங்கள் டீம் லீட் அக்கா திட்டவில்லை. "இதைத் தமிழ்ல சொல்லும்மா" என்றார்.

"காய்ச்சல் இருந்த நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தாங்க."

"நீ கமா போட்டதைச் சொல்லு."

"நோயாளிகள் எல்லாருக்கும் காய்ச்சல் இருந்துச்சு. அவங்களுக்கு மருந்து கொடுத்தாங்க."

"பாத்தியா, தமிழ்ல வாக்கியத்தையே மாத்திட்ட. இங்கிலீஷ்ல அந்த வேலையை ரெண்டு கமா பண்ணுது."

அதன் பிறகு இரண்டு மொழிகளையும் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். தமிழில் 'என்று' வந்தாலே மேற்கோள் முடிந்தது தெரிந்துவிடும். 'வந்தானா' என்பதில் உள்ள 'ஆ' கேள்வியைச் சொல்லிவிடும். 'அவனும் இவளும்' என்றால் பட்டியலுக்குக் கமா தேவையில்லை. கேள்விக்குறியும் கமாவும் இல்லாமலே ஓலைச்சுவடிகளில் இத்தனை இலக்கியம் நின்றிருக்கிறது. நமக்குச் சொல்லுக்குள்ளேயே இருப்பதை ஆங்கிலம் பாதி சொல்வரிசையிலும் பாதி குறிகளிலும் வைத்திருக்கிறது. 'அவர் வந்தார், நான் கிளம்பினேன்' என்று தமிழில் தாராளமாக எழுதலாம். ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் பிழை. முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ (செமிகோலன்) 'அண்ட்' போன்ற ஓர் இணைப்புச் சொல்லோ வேண்டும். எங்கள் பயிற்சியாளர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். ஹைஃபனா, டாஷா என்பதெல்லாம் இதழின் நடை விதிகளைச் சொல்லும் ஸ்டைல் ஷீட்டைப் பார்த்தால் வந்துவிடும்.

ஒரு கமாவுக்கு இத்தனை பாடா என்று கேட்பவர்களிடம் அமெரிக்காவின் மெய்ன் மாநில வழக்கைச் சொல்வேன். ஓவர்டைம் கூலி கிடையாத வேலைகளை அங்கே ஒரு சட்டம் பட்டியலிட்டிருந்தது. பட்டியலின் கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்'. 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொட்டலம் கட்டுவது மட்டுமா? ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் லாரி ஓட்டுநர்கள் பொட்டலம் கட்டுகிறவர்கள் இல்லையே, விநியோகிக்கிறவர்கள். பட்டியலில் உள்ளது பொட்டலம் கட்டுவது மட்டும்தான், அதனால் எங்களுக்கு ஓவர்டைம் கூலி உண்டு என்று வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பிறகு அந்தப் பட்டியலில் கமாக்களை எடுத்துவிட்டு அரைப்புள்ளிகளைப் போட்டார்கள். உழைத்த கூலி ஒரு குறியில் தொங்கியதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு அடித்துக்கொள்ளும்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் மேஜைக்கு வந்தாள். அதே மாதிரி ஒரு வரி. ஆசிரியரே இரண்டு கமாக்கள் போட்டிருந்தார். கூட இருந்த அட்டவணை வேறு கதை சொன்னது. "எடுத்துடவா அக்கா?" என்றாள். "நாமளா முடிவு பண்ண வேண்டாம்மா, கேட்டுடு" என்றேன். 'எல்லா நோயாளிகளுமா, சிலர் மட்டுமா?' என்று ஆசிரியருக்குக் கேள்வி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது: சிலர் மட்டும். இரண்டையும் அவளே எடுத்தாள்.