எர்பியம் ஃபைபர் லேசர் செய்முறைத் தேர்வு: மோட் லாக்கிங்கை நிரூபிப்பது எப்படி?

ஆஸிலோஸ்கோப்பில் துடிப்பு வரிசை தெரிந்தவுடனே ‘மோட் லாக் ஆகிவிட்டது’ (லேசரின் பல அதிர்வெண்களும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மிகக் குறுகிய துடிப்புகளாக வருகின்றன) என்று ரெக்கார்டில் எழுதிவிடாதீர்கள். வைவா கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். 1 கிகாஹெர்ட்ஸ் டிடெக்டரின் எழுச்சி நேரம் சுமார் 350 பிகோநொடி. ஃபெம்டோநொடித் துடிப்பின் அகலம் அதில் தெரியவே தெரியாது. ஸ்கோப்பை நம்பி இடைவெளியை மட்டும்தான் சொல்ல முடியும். 5 மீட்டர் ரிங் (ஒளி சுற்றிவரும் ஃபைபர் வளையம்), ஒளிவிலகல் எண் 1.468 என்றால் சுமார் 41 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும். 82 வந்தால் ஒரே சுற்றில் இரண்டு துடிப்புகள் சம இடைவெளியில் ஓடுகின்றன, பம்பை (எர்பியத்துக்கு ஆற்றல் ஊட்டும் டையோடு ஒளியை) குறையுங்கள்.

தொடங்கும்போது பம்பைத் தாராளமாக ஏற்றிவிட்டு, போலரைசேஷன் (ஒளி அலை அதிரும் திசை) கன்ட்ரோலரின் தட்டுகளை மெதுவாகத் திருப்புங்கள். லாக் ஆனதும் பம்பை இறக்கலாம்; தொடங்கத் தேவையான அளவு தொடர்வதற்குத் தேவையில்லை. ஐசோலேட்டர் (ஒளியை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) போலரைசேஷனைச் சார்ந்த வகைதானா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ரிங்கில் போலரைசர் வேலையைச் செய்வது அதுதான். ஃபைபரை மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள், லேசாக அசைந்தாலே லாக் போய்விடும். கனெக்டரைக் கழற்றும் முன் பம்ப் டையோடை அணைப்பது கட்டாயம். அதன் 980 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

ஸ்பெக்ட்ரத்தில் இருபுறமும் கெல்லி பக்கப்பட்டைகள் (சிறு கூர்முனைகள்) சமச்சீராக நின்றால் நல்ல அடையாளம். நடுவில் ஊசிபோல ஒரு கோடு எழுந்தால் துடிப்பாக மாறாத தொடர் அலையும் கலந்திருக்கிறது. துடிப்புகளின் உயரம் கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஏறி இறங்கினால் அது க்யூ-ஸ்விட்ச் (ஆற்றல் தேங்கித் தேங்கிப் பெருவெடிப்பாக வெளிவருவது) கலந்த நிலை. அதில் விட்டுவைக்காதீர்கள், உச்ச ஆற்றல் பாகங்களைக் கெடுக்கலாம்.

பலரை ஏமாற்றுவது இரைச்சல் துடிப்பு, அதாவது ஒழுங்கில்லாத பல குறுந்துடிப்புகளின் கும்பல். ஸ்கோப்பில் அதே 41 மெகாஹெர்ட்ஸ், ஸ்பெக்ட்ரமும் அகலமாக, வழவழப்பாக, அழகாகவே இருக்கும். துடிப்பை அதன் நகலோடு ஒப்பிட்டு அகலம் அளக்கும் ஆட்டோகோரிலேட்டரில்தான் குட்டு வெளிப்படும்: அகன்ற மேட்டின் மேல் மெல்லிய முனை, மேட்டைப்போல் இருமடங்கு உயரம். அந்த முனையின் அகலத்தைத் துடிப்பின் அகலமாக எழுதினால் முழுத் தவறு. அது ஒத்திசைவு நேரத்தைத்தான் காட்டுகிறது.

கணக்கில் நானோமீட்டரை ஹெர்ட்ஸாக மாற்றுவதில்தான் சறுக்கல். 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 நானோமீட்டர் ஸ்பெக்ட்ர அகலம் என்பது சுமார் 1.25 டெராஹெர்ட்ஸ், 0.315-ஐ (sech² வடிவத் துடிப்புக்கான மாறிலி) அதனால் வகுத்தால் 252 ஃபெம்டோநொடி, இதுவே சாத்தியமான குறைந்தபட்ச அகலம். ஆட்டோகோரிலேஷன் அகலத்தை அதே வடிவத்துக்கான 1.54-ஆல் வகுத்து இதோடு ஒப்பிடுங்கள். அளந்தது பெரிதாக வந்தால் லேசரைக் குறைசொல்லும் முன் கப்ளரிலிருந்து (ரிங்கிலிருந்து ஒளியை வெளியே எடுக்கும் பாகம்) கருவிவரை உள்ள பேட்ச் கார்டை (இணைப்பு ஃபைபர்) அளந்து பாருங்கள். சாதாரண ஒற்றை மோட் ஃபைபர் 2 மீட்டர் இருந்தாலே இத்துடிப்பை ஒன்றரை மடங்குக்கு மேல் நீட்டிவிடும். அந்த நீளத்தையும் ரெக்கார்டில் குறியுங்கள்.